மீக்கடத்தியும் ஒரு துண்டு வீடியோவும்: மக்களிடம் அறிவியல் பேசப் போகும் இயற்பியலாளர்களுக்கு

ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மக்களுக்கும் அறிவியல் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படும் இளம் இயற்பியலாளர்கள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். எந்தக் கேமரா வாங்கலாம், எந்தத் தலைப்பு எடுபடும், எவ்வளவு நேரம் பேசலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறு. நீங்கள் பேசிய பேச்சை இன்னொருவர் வெட்டி எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும், அப்போது உங்கள் பக்கம் யார் நிற்பார்கள், உங்கள் வேலைக்கு என்ன நேரும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2023-ல் அதைத் தனியாக அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். சில மாதச் சம்பளம் போனது. ஓராண்டுக்கும் மேலாக என் ஆய்வு நொண்டியடித்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

என் துறை மீக்கடத்திகள். சில பொருள்களைப் போதுமான அளவு குளிர்வித்தால் அவற்றின் மின்தடை ஒரேயடியாகக் காணாமல் போய்விடும். 1911-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் இதை முதலில் பார்த்தார், 4.2 கெல்வினில், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 269 பாகை செல்சியஸில். 1986-ல் பெட்நோர்ட்ஸும் முல்லரும் செராமிக் போன்ற ஒரு ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேலும் இது நடக்கும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே 93 கெல்வினில் மீக்கடத்தும் பொருள் வந்தது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். ஆகவே விலை அதிகமான திரவ ஹீலியம் இல்லாமலேயே ஒரு மேசைமீது இதைச் செய்து காட்டலாம் என்றாகிவிட்டது. என்னை மேடைக்கு இழுத்துவந்தது அந்த மேசைதான். கறுப்பு வில்லை ஒன்றை நைட்ரஜனில் குளிரவைத்து, அதன்மேல் சின்னக் காந்தத்தை வைத்து, மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதால் அந்தக் காந்தம் அந்தரத்தில் நிற்பதைக் காட்டியதும் அரங்கமே மூச்சை இழுத்துக்கொள்ளும். ஒன்பது வயதுக் குழந்தையும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே மாதிரி முன்னால் சாய்ந்து பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காக நான் பல சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன். இன்றும் கொடுக்கத் தயார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைகளை எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். இந்தத் தொழிலின் முதல் உண்மை இது. பதவி உயர்வுக் குழு கேட்பது ஆய்விதழ்க் கட்டுரைகளையும், பெற்ற ஆய்வு நிதியையும், வழிநடத்திய மாணவர்களையும்தான். பொது உரைகளுக்குப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பினாலும் படிக்க மாட்டார்கள். அதிகமாக நிரப்பினால், ‘இவருக்கு ஆய்வில் கவனம் இல்லையோ’ என்று சந்தேகப்படுவார்கள். மக்களுக்கு அறிவியல் சொல்லிப் புகழ்பெற்ற அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனுக்கே இது நடந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் அவர். 1968-ல் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு யூரி அவருக்கு எதிராகக் கடிதம் எழுதியிருந்தார். பின்னாளில் தன் கணிப்பு தவறு என்று சேகனுக்கே எழுதி வருத்தமும் தெரிவித்தார். 1992-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே கழகம் 1994-ல் பொதுநலச் சேவைக்கான தன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. மக்களிடம் பேசும் விஞ்ஞானியைச் சக விஞ்ஞானிகள் குறைத்து மதிப்பிடுவதற்கு அவர் பெயரையே வைத்து ‘சேகன் விளைவு’ என்கிறார்கள்.

அந்த மதிப்பீட்டுக்குச் சான்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் தேசிய ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ்ஸில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களின் விவரங்களை வைத்து பாப்லோ ஜென்சனும் அவருடைய குழுவினரும் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுமக்களிடம் பேசும் ஆய்வாளர்கள் ஆய்விலும் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகவே இருந்தார்கள் என்பது அதன் முடிவு. உங்கள் துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தால் இந்தக் கட்டுரையை எடுத்து நீட்டுங்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள்: ஒவ்வொரு உரைக்கும் எவ்வளவு நேரம் தயாரித்தீர்கள், யார் அழைத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அழைத்தவர்களிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிய பட்டியலை எந்தக் குழுவும் மதிக்காது.

இனி 2023-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜூலை 22 அன்று, தென்கொரியாவைச் சேர்ந்த ஒரு குழு, மதிப்பீட்டுக்கு முன்பே ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆர்கைவ் என்ற இணையதளத்தில் ஒரு கட்டுரையை ஏற்றியது. ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன், கொஞ்சம் தாமிரம் சேர்ந்த எல்கே-99 என்ற பொருள் சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், அதற்கும் மேலே 127 பாகை செல்சியஸ் வரைகூட மீக்கடத்தியாக இருக்கிறது என்றது அந்தக் கட்டுரை. சக ஆய்வாளர்கள் யாரும் மதிப்பிடாத கட்டுரை அது. ஒரு வீடியோவும் வந்தது: காந்தத்தின்மேல் ஒரு கறுப்புச் சில்லு, ஒரு முனை காந்தத்தைத் தொட, மறுமுனை தூக்கி நின்றது. சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தலுக்கு அதுவரை உறுதியான உச்ச வெப்பநிலை சுமார் 135 கெல்வின்தான், கிட்டத்தட்ட மைனஸ் 138 பாகை. லாந்தனம் ஹைட்ரைடு என்ற சேர்மம் 250 கெல்வின் வரை போனது. ஆனால் அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் பதினேழு லட்சம் மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. ஆகவே இந்தச் செய்தி உண்மையானால் எவ்வளவு பெரிது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அது பொய்த்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்பதும் தெரியும். நேச்சர் இதழில் 2020-ல் வந்த ஓர் அறை வெப்பநிலை மீக்கடத்திக் கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

ஒரே வாரத்தில் என் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. பல ஆண்டுகளாக மேடையில் மீக்கடத்தி காட்டியவன் என்பதால் செய்தியாளர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒரு காட்சி ஊடகத்திலிருந்து வந்து, என் அறையிலேயே கேமராவை நிறுத்திப் பேட்டி எடுத்தார்கள். நான் நிதானமாகவே பேசினேன். ‘இது உண்மையானால் மின்கம்பிகளில் வீணாகும் மின்சாரம் மிச்சமாகும், எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகள் மலிவாகும், உலகம் மாறிவிடும். ஆனால் இப்போது காட்டியிருக்கும் தரவுகளை வைத்து இதை மீக்கடத்தி என்று சொல்ல முடியாது. மின்தடை பூஜ்யம் ஆனது தெளிவாக இல்லை. வீடியோவில் காண்பது சாதாரணக் காந்த விளைவாகவும் இருக்கலாம். வேறு ஆய்வகங்கள் செய்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும்’ என்றேன். இன்றைக்கு அதே கேள்வி வந்தாலும் இந்த உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். அவர்கள் ஒளிபரப்பியது ‘உலகம் மாறிவிடும்’ வரைக்கும்தான். முதலில் இருந்த ‘இது உண்மையானால்’ என்பதையும் கத்தரித்திருந்தார்கள். கீழே என் பெயரும் பதவியும் ஓடின.

அன்று இரவே அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அந்த நாள்களில் ‘மீக்கடத்தி’ என்று பேர் வைத்த நிறுவனங்களின் பங்குகள் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தன. முதலீட்டு ஆலோசனை என்ற பெயரில் யாரோ என் முகத்தையும் என் குரலையும் ஒரு விளம்பரத்தோடு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. கோபம் என்று மட்டும் சொன்னால் போதாது. என்னைப்போல் முகமும் குரலும் கொண்ட வேறொருவன் எனக்குத் தெரியாமல் ஊரெல்லாம் வாக்குறுதி கொடுத்துக்கொண்டு திரிகிறான் என்ற பயம். தூக்கம் போனது. யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. துறையில் மூத்தவர் ஒருவர், ‘உனக்கு எதுக்குப்பா இந்த வேலை? கட்டுரை எழுதிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே’ என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைவிட வலித்த சொல் வேறில்லை. நான் தப்பாக எதையும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பேசியதே குற்றம் என்பதுபோல் ஆகிவிட்டது.

நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்டது. நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்திச் சரிபார்க்காத செய்தியைப் பரப்பியதாக ஒரு புகார் போயிருந்தது. முழுப் பேட்டியைத் தாருங்கள் என்று அந்த ஊடகத்திடம் கேட்டேன். ‘கொள்கைப்படி மூலப் பதிவு தருவதில்லை’ என்றார்கள். வழக்கறிஞரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, பேட்டிக்கு முன் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று. டேப்லெட்டில் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் எல்லோரையும்போல் நானும் விரலால் கையெழுத்திட்டிருந்தேன். பதிவை எந்த வடிவத்திலும் திருத்தி, எந்தத் தளத்திலும், காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. நோட்டீஸ், ஆலோசனைக் கட்டணம், விளம்பரத்தை நீக்கக் கோரும் மனுக்கள் எல்லாமாகச் சில மாதச் சம்பளம் கரைந்தது. விளம்பரம் நீக்கப்பட்டது, அதன் நகல்கள் நீக்கப்படவில்லை. மூலத் துண்டு இன்னும் இருக்கிறது. வழக்கு தொடரலாம், பல ஆண்டு ஆகும் என்றார் வழக்கறிஞர். நான் தொடரவில்லை. என் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆண்டுகள் அவை.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கத் தொடங்கியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, வாக்கியம் அமைக்கும் முறை. விஞ்ஞானிகளான நாம் சாத்தியத்தை முதலிலும் நிபந்தனையைப் பின்னாலும் சொல்லிப் பழகியவர்கள். கேமரா முன்னால் அதைத் தலைகீழாக்குங்கள். ‘எல்கே-99 மீக்கடத்தி என்று நான் நம்பவில்லை, ஏனென்றால்’ என்று தொடங்கினால் எங்கே வெட்டினாலும் உங்கள் கருத்து உங்களுடையதாகவே இருக்கும். பொருளின் பெயரை ஒவ்வொரு வாக்கியத்திலும் திரும்பச் சொல்லுங்கள்; ‘இது’, ‘அது’ என்று விட்டால் அந்த ‘அது’வை வேறு எதோடும் ஒட்டலாம். வாக்கியங்களைச் சின்னதாக வையுங்கள். ஒரு வாக்கியம் தனியாக ஒளிபரப்பானால் அதற்கு நான் பொறுப்பேற்பேனா என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் கேட்டுக்கொண்டு பேசுங்கள். முதலில் இது செயற்கையாக இருக்கும். கண்ணாடி முன்னாலோ நண்பர் முன்னாலோ சிலமுறை பழகினால் வந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் பக்கத்துப் பதிவு. எந்தப் பேட்டியானாலும் சொந்தத் தொலைபேசியை மேசைமேல் வைத்து, ‘நானும் பதிவு செய்துகொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு முழுவதையும் பதியுங்கள். மறுக்கிறவரிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை. என்னிடம் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் விளக்கக் கடிதத்துக்கு ஒரே நாளில் பதில் போயிருக்கும். நிர்வாகத்தின் விசாரணை மாதக்கணக்கில் இழுத்திருக்காது. அதோடு, கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நேரலையா பதிவா என்று கேளுங்கள். நேரலையில் பதற்றம் இருக்கும், ஆனால் சொன்னது சொன்னபடி போகும். முடிந்தால் நேரலையையே கேட்டு வாங்குங்கள். பேட்டி முடிந்ததும் உங்கள் கருத்தை நான்கைந்து வரியில் எழுதி அவர்களுக்கும், உங்கள் நிறுவனத்தின் ஊடகப் பிரிவுக்கும் அன்றே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். தேதியோடு ஒரு சான்று கிடைத்துவிடும்.

மூன்றாவது, படிவம். படிக்காமல் போடச் சொல்லி நீட்டும் படிவத்தை நிறுத்தி வாசிப்பதில் கூச்சம் வேண்டாம். ‘விளம்பரத்துக்கோ, முதலீடு சார்ந்த நிகழ்ச்சிக்கோ பயன்படுத்தக் கூடாது, கருத்தின் பொருள் மாறும்படி திருத்தக் கூடாது’ என்ற ஒரு வரியை நான் இப்போது சேர்க்கச் சொல்கிறேன். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களிடம் நேரம் இல்லை, வேறு நிபுணரைத் தேட முடியாது. அந்தச் சில நிமிடங்களில் உங்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. ஒளிபரப்பான பிறகு அது கைமாறிவிடும்.

இவற்றைவிட எனக்கு அதிகம் உதவியது பழைய இயற்பியலாளர்களின் வாழ்க்கைதான். தூக்கம் வராத இரவுகளில் மைக்கேல் ஃபாரடேயைப் பற்றித் திரும்பத் திரும்பப் படித்தேன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் பயிற்சியாளராக இருந்த பையன். 1812-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பி, அடுத்த ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தான். ஒரு பொது உரைதான் அவருக்கு இயற்பியலுக்குள் வழி திறந்தது. பிற்பாடு அவரே குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் உரைகளையும் வெள்ளி மாலை உரைகளையும் வளர்த்தெடுத்தார். பேச்சுக்கலையைத் தனியாகக் கற்றுக்கொண்டார். தான் வேகமாகப் பேசினால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தன் முன்னால் வைக்க ஒருவரை ஏற்பாடு செய்தார். இதை நீங்களும் செய்யலாம். முன்வரிசையில் ஒரு நண்பரை உட்கார வையுங்கள், போதும்.

1853-ல் ஃபாரடேவுக்கும் ஒரு தொல்லை வந்தது. ஆவிகளை அழைத்து மேசையைச் சுழற்றுவது அப்போது லண்டனில் பெரிய மோகம். மின்சாரத்தால் சுழல்கிறது, காந்தத்தால் சுழல்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மின்காந்தம் என்றாலே ஃபாரடே பெயர்தானே, எல்லோரும் அவரிடமே கேட்டார்கள். அவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. அட்டைகள், உருளைகள், ஒரு சின்ன நெம்புகோல் வைத்து எளிய கருவி செய்தார். மேசைமேல் கை வைத்தவர்கள் தங்களை அறியாமலேயே தள்ளுகிறார்கள் என்பதை அந்த நெம்புகோலே காட்டியது. அதை டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். 1986 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கல விபத்து விசாரணையில் ரிச்சர்டு ஃபைன்மேன் செய்ததும் இதே வழிதான். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கப் பயன்பட்ட ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் நசுக்கி, பனிநீரில் போட்டு எடுத்து, குளிரில் அது விரிந்து கொடுக்கவில்லை என்று கேமராக்களுக்கு முன்னால் காட்டினார். சொற்களை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். கண்முன் நடக்கும் சோதனையை வெட்டினால் காட்சியே இருக்காது.

அதைப் படித்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது. மறுப்பறிக்கை எழுதுவதை விட்டேன். மேசையில் மூன்று பொருள்களை வைத்து ஒரு வீடியோ எடுத்தேன். முதலில் பைரோலிடிக் கிராஃபைட் என்ற மெல்லிய கார்பன் தகடு. நியோடிமியம் காந்தங்களை வடக்கும் தெற்கும் மாறிமாறி அடுக்கி, அதன்மேல் வைத்தால் இது அறை வெப்பநிலையிலேயே முழுதாக மிதக்கும். அது மீக்கடத்தி இல்லை, டயா காந்தப் பொருள், அதாவது காந்தத்தால் லேசாக விலக்கித் தள்ளப்படும் சாதாரணப் பொருள். ‘மிதந்தால் மீக்கடத்தி’ என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். இரண்டாவதாக, இரும்புத் துகள் கலந்த ஒரு சில்லு. அது ஒரு முனை காந்தத்தில் ஊன்ற, மறுமுனை எழும்பிச் சாய்ந்து நின்றது, கொரிய வீடியோவில் இருந்தது போலவே. மூன்றாவது என் பழைய கறுப்பு வில்லை, நைட்ரஜனில் குளிரவைத்தது. அது காந்தத்தின்மேல் எந்த உயரத்தில் விட்டேனோ அங்கேயே பூட்டிக்கொண்டு நின்றது. காந்தத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கீழே விழவில்லை. பேச்சு மிகக் குறைவு. வெட்டப்பட்ட துண்டைப் பார்த்தவர்களில் சிறு பங்கினர்தான் இதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நிர்வாகத்துக்கும், செய்தியாளர்களுக்கும், கடிதம் எழுதியவர்களுக்கும் அனுப்ப எனக்கு ஒரு பதில் கிடைத்தது. உங்கள் துறையில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடிய பரபரப்பு எது என்று யோசித்து, அதற்கான செய்முறையை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்தபின் பொருள்களைத் தேடினால் காலம் கடந்துவிடும்.

அறிவியல் தன் வேலையைச் சீக்கிரமே செய்து முடித்தது. இந்தியா, சீனா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல இடங்களில் அந்தப் பொருளைச் செய்து பார்த்தார்கள். தயாரிப்பின்போது உண்டாகும் தாமிர சல்பைடு என்ற மாசு, சுமார் 104 பாகை செல்சியஸில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது அதன் மின்தடை சட்டென்று குறையும். கொரியர்கள் பார்த்த சரிவு அதுதான். ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் மாசில்லாத படிகங்களை வளர்த்துப் பார்த்தபோது, அது மின்சாரத்தைக் கடத்தவே விரும்பாத ஒரு மின்காப்புப் பொருள் என்று தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் கேள்வி முடிந்தது. எனக்குத் தெரிந்து அறிவியல் இவ்வளவு வேகமாகவும் வெளிப்படையாகவும் தன்னைத் திருத்திக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. மக்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எது? ஆனால் முதல் செய்தியைக் கேட்டு ஓடிவந்த யாரும் இதைக் கேட்டு வரவில்லை. நானாகவே கூப்பிட்டுச் சொன்னேன். ‘இப்போ அது பழைய செய்தி சார்’ என்றார்கள்.

பெரிய இழப்பு ஒன்று என்றேனே, அது இதுதான். கடிதங்கள் வந்தன. ‘சார், நீங்க சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்’ என்று எழுதியவர்கள் இருந்தார்கள். என் உரைகளுக்குப் பல ஆண்டாக வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டு இழந்திருந்தார். அவர் திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு என் உரைக்கு வரவே இல்லை. எனக்குப் போன பணத்தை நினைத்து நான் அழவில்லை, அவரை நினைத்து அழுதேன். முழுப் பேச்சையும் எழுத்தில் அனுப்பி வைத்தேன். படித்தாரா என்று தெரியாது. இப்படிப்பட்ட கடிதங்கள் வந்தால் சட்டப்பூர்வமான ஒற்றை வரிப் பதிலை அனுப்பாதீர்கள். நீங்கள் உண்மையில் சொன்னது என்ன, துண்டில் வந்தது என்ன, அறிவியல் இன்று என்ன சொல்கிறது என்று மூன்றையும் பொறுமையாக எழுதுங்கள். முதலீட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லாதீர்கள். விளம்பரத்தின் திரைப்பதிவைக் கேட்டு வாங்கி, இணையக் குற்றப் பிரிவில் புகார் செய்யும்படி சொல்லுங்கள். எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே ஆள் பதில் எழுதினால் மனம் உடைந்துபோகும். என் துணைவி பாதியை எடுத்துக்கொண்டார். நம்பகமான ஒருவரிடம் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வேலை விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். விசாரணை என் பக்கம் நியாயம் இருப்பதாகக் குறித்து மூடப்பட்டது. ஆனால் விசாரணை நடந்த காலத்தில் பதவி உயர்வுக் கோப்பு நகரவில்லை, அடுத்த சுற்றுக்குத்தான் போனது. அந்த ஓராண்டில் நான் எழுத வேண்டிய கட்டுரைகளில் ஒன்றை வேறு குழு முந்திக்கொண்டு வெளியிட்டது. என் மாணவி ஒருவருக்கு அதனால் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே மாற்றவேண்டி வந்தது; அதற்கு நான் இன்றும் வருந்துகிறேன். இதனால்தான் இப்போது பொது வேலைக்கு வாரத்தில் ஒரு பகலை மட்டும் ஒதுக்கி, அதைத் துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். மற்ற நாள்களில் எந்த ஊடகம் அழைத்தாலும் ஊடகப் பிரிவின் எண்ணைத்தான் தருகிறேன். முன்பு அவசரம் என்றால் ஓடுவேன். உண்மையில் அவசரமான மீக்கடத்திச் செய்தி என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு வாரம் பொறுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

கடைசியாக, புத்தகம் எழுதச் சொல்லி உங்களிடம் வருவார்கள். கொஞ்சம் பேர் தெரிந்துவிட்டால் நிச்சயம் வருவார்கள். அந்தப் பரபரப்புக்குப் பிறகு என்னிடமும் வந்தார்கள். முதல் வரைவு ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், காணொளி உரிமைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் நிரந்தரமாகக் கேட்டிருந்தார்கள். அட்டை வாசகம் எழுதும் உரிமையும் அவர்களுடையதாம். முன்பாக இருந்தால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது ஒவ்வோர் உரிமையையும் தனித்தனியாகப் பிரித்து, அச்சில் இல்லாமல் போனால் உரிமை எனக்கே திரும்ப வேண்டும், அட்டையிலும் விளம்பரத்திலும் வரும் ஒவ்வொரு வாசகத்துக்கும் என் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று கேட்டேன். பேச்சு நீண்டது, முன்பணம் குறைந்தது, ஆனால் ஒப்புக்கொண்டார்கள். இப்போது கிராஃபைட் தகட்டைப் பற்றிய அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.